பென்டால் ஆபரேஷனுக்கு அப்புறம் எக்கோல 11 இருந்தது 16 ஆயிடுச்சு, பயப்படணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயசு. பிறவியிலயே வால்வுல ரெண்டு இதழ்தான், கூடவே இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயும் 56 மி.மீ. வீங்கிடுச்சுன்னு ஏழு மாசம் முன்னாடி மெக்கானிக்கல் வால்வ் வச்சு பென்டால் ஆபரேஷன் (வால்வையும் அந்தக் குழாயையும் சேர்த்து மாத்துறது) பண்ணாங்க. டிஸ்சார்ஜ் எக்கோல ஈ.எஃப் (இதயம் ஒரு துடிப்புல வெளிய தள்ளுற ரத்தத்தோட சதவீதம்) 60, மீன் (சராசரி) கிரேடியன்ட் 11. இப்போ வேற சென்டர்ல எடுத்ததுல ஈ.எஃப் 52, பீக் (உச்ச) கிரேடியன்ட் 28, மீன் 16, ட்ரிவியல் லீக், பாரடாக்சிக்கல் செப்டல் மோஷன்னு இருக்கு. சிடில ஆர்ச் (அந்தக் குழாய் மேல போய் வளையுற இடம்) 36 மி.மீ. இருந்தது 38, கிராஃப்ட் (வச்ச துணிக்குழாய்) சுத்தி கொஞ்சம் நீர், ஒரு இடத்துல 'கான்ட்ராஸ்ட் கசிவா இருக்கலாம்'னு போட்டிருக்காங்க. வால்வ் அடைக்குதா? வீக்கம் திரும்ப வருதா? ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, தூக்கமே இல்ல.

பதில்: முதல்ல தூங்குங்க. நீங்க எழுதினதுல அவசரமா கேட்டுத் தெளிவு பண்ணிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் 'கசிவு' வரி. அதுக்கு வரேன், முதல்ல 11-16 விஷயம்.

கிரேடியன்ட்ங்கிறது வால்வுக்கு முன்னாடி இருக்கிற பிரஷருக்கும் பின்னாடி இருக்கிற பிரஷருக்கும் உள்ள வித்தியாசம். எக்கோ மெஷின் அதை நேரா அளக்கிறதில்ல, ரத்தம் பாயுற வேகத்தை அளந்து அதுல இருந்து கணக்குப் போடுது. அப்பாவோட பீக் 28-ன்னா வேகம் செகண்டுக்கு சுமார் 2.6 மீட்டர். செயற்கை வால்வுல 3 மீட்டருக்குள்ள, மீன் 20-க்குள்ள இருந்தா பொதுவா நல்லாதான் வேலை செய்யுதுன்னு எடுத்துக்குவோம், 4 மீட்டர் தாண்டி மீன் 35-க்கு மேல போனாதான் அடைப்பு இருக்குமோன்னு பலமா சந்தேகப்படுவோம். சொந்த வால்வ் மாதிரி 4, 5-ன்னு செயற்கை வால்வுல எதிர்பார்க்கவே கூடாது, அது உலோக வளையத்துக்குள்ள இருக்கிற வழி, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்.

அப்போ 11 எப்படி வந்துச்சு? டிஸ்சார்ஜ் எக்கோ எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்: நெஞ்சுல கட்டு, சரிஞ்சு படுக்க முடியாது, படமே சரியா விழாது, டாப்ளர் (ரத்த வேகத்தை அளக்கிற முறை) கோடு ரத்த ஓட்டத்துக்கு நேரா அமையலைன்னா வேகம் குறைவாத்தான் காட்டும். அதனாலதான் ஆறு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள எடுக்கிற எக்கோவைத்தான் அடிப்படையா வச்சுக்கணும்னு சொல்றோம், உங்க அப்பாவுக்கு அது எடுக்கவே இல்ல போலிருக்கு, பரவாயில்ல, இனி இந்த எக்கோதான் அடிப்படை. இதுல இருந்து பின்னாடி 10 ஏறினா அதுக்கு அர்த்தம் உண்டு. இன்னொண்ணு, ரத்தசோகை, காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம் இதெல்லாம் இருந்தாலும் நம்பர் ஏறும், அதனால அன்னிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பாருங்க. டாக்டர்கிட்ட 'டிவிஐ எவ்வளவு சார்'னு கேளுங்க. வால்வுக்குக் கீழ உள்ள வேகத்துக்கும் வால்வுக்குள்ள உள்ள வேகத்துக்கும் உள்ள விகிதம் அது, ரத்த ஓட்டம் கூடினா குறைஞ்சா ரொம்ப ஏமாத்தாது. 0.30-க்கு மேலன்னா நிம்மதி, 0.25-க்குக் கீழன்னா மேல பார்க்கணும். அப்படியே சந்தேகம் வந்தாலும் ஃப்ளூரோஸ்கோப்பில (ஓடுற எக்ஸ்ரே படம்) ரெண்டு இதழும் முழுசா திறந்து மூடுதான்னு பார்த்துடலாம், ஊசி மருந்துகூட வேண்டாம், சில நிமிஷ வேலை.

ட்ரிவியல் லீக்: மெக்கானிக்கல் வால்வ் மூடினாலும் ஓரத்துல லேசா ரத்தம் பின்னால வரும், இரத்தக்கட்டி சேராம கழுவி விடட்டும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. ரிப்போர்ட்ல 'பாராவால்வுலர்'னு இருந்தா மட்டும் கேளுங்க, அது தையல் ஓரத்துக் கசிவு, வேற கதை.

பாரடாக்சிக்கல் செப்டல் மோஷன், அதாவது இதயத்தோட நடுச்சுவர் வழக்கத்துக்கு மாறா அசையுறது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணவங்கள்ல நிறைய பேருக்கு வரும், ஹார்ட் அட்டாக் இல்ல. ஈ.எஃப் 60-க்கும் 52-க்கும் நடுவுல பாதி வித்தியாசம் பார்க்கிற ஆளோட கண்ணுலயே இருக்கும்.

இப்போ சிடி. பென்டால்ங்கிறது 1968-ல லண்டன்ல ஹியூ பென்டாலும் ஆன்டனி டி போனோவும் விவரிச்ச ஆபரேஷன், வால்வ் தச்ச துணிக்குழாயை வச்சு அடிப்பகுதியையும் மேல ஏறுற பகுதியையும் மாத்துறது. அதுக்கு அப்பால இருக்கிற ஆர்ச் அப்பாவோட சொந்தக் குழாய், அதை யாரும் தொடல. அதனால வீக்கம் 'திரும்ப வருது'ன்னு சொல்ல ஒண்ணுமில்ல. 36, 38 வித்தியாசம் ஸ்கேன் துண்டு கொஞ்சம் சாய்ஞ்சாலே வந்துடும், ஒருத்தர் சுவரோட சேர்த்து அளப்பார், இன்னொருத்தர் விட்டுட்டு அளப்பார். ரெண்டு சிடி டிஸ்க்கையும் ஒரே ஸ்க்ரீன்ல போட்டு, ஒரே இடத்துல, ஒரே ஆள் அளந்தாதான் வளர்ச்சின்னு பேசவே முடியும். ஒரே வருஷத்துல 5 மி.மீ., இல்ல அடுத்தடுத்து ரெண்டு வருஷம் 3 மி.மீ.ன்னு போனா அதுதான் கவலை. (நம்ம ஆளுங்க ரிப்போர்ட் பேப்பரை லேமினேட் பண்ணி வைப்பாங்க, டிஸ்க்கைக் குப்பைல போட்டுடுவாங்க. தலைகீழா பண்ணுங்க.)

கசிவு வரி. தையல் கிழியாம இருக்க சர்ஜன் டெஃப்ளான் ஃபெல்ட்னு ஒரு பட்டை வச்சுத் தைப்பார், அது சிடில வெள்ளையாத் தெரியும், கான்ட்ராஸ்ட் (ஸ்கேனுக்காக ஊசில ஏத்துற மருந்து) கலந்த ரத்தம் வெளிய வந்து தேங்கின மாதிரியே இருக்கும். ஆபரேஷன் நோட் கையில இல்லாத ரேடியாலஜிஸ்ட் 'இருக்கலாம்'னு எழுதுறது நியாயம்தான், அவரைத் திட்டாதீங்க. பிரிச்சுப் பார்க்கிற வழி சுலபம்: கான்ட்ராஸ்ட் போடுறதுக்கு முன்னாடி எடுத்த ப்ளெயின் படத்துலயும் அதே இடம் வெள்ளையா இருந்தா அது ஃபெல்ட். ப்ளெயின்ல இல்லாம கான்ட்ராஸ்ட்ல மட்டும் வந்தா உண்மையான கசிவா இருக்கலாம், அதுக்கு சர்ஜன் உடனே பார்க்கணும். ஆகவே ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே டிஸ்க்கும் ஆபரேஷன் நோட்டும் எடுத்துட்டு சர்ஜன்கிட்ட போங்க. கிராஃப்ட் சுத்தி நீர் முதல் சில மாசம் சகஜம், சிலருக்கு அதுக்கு மேலயும் நிக்கும், அடுத்த ஸ்கேன்ல கூடுதா, உள்ள காத்துக் குமிழி இருக்கா, காய்ச்சல் இருக்கான்னுதான் பார்ப்போம்.

திடீர்னு நெஞ்சுவலி முதுகுவலி, மூச்சு வாங்குறது, வாய் கோணுறது, வால்வோட 'டிக் டிக்' மங்குறது, இதுல எது வந்தாலும் நேரா எமர்ஜென்சி. காய்ச்சல் விடாம இருந்தா மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க, முதல்ல ப்ளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்), அப்புறம்தான் மருந்து. ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட்) பத்தி நீங்க எழுதவே இல்ல, டாக்டர் சொன்ன அளவுல, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவுல, நிக்குதான்னு பாருங்க, அது இறங்கிக் கிடக்கும்போது கிரேடியன்ட் ஏறினா நானே பயப்படுவேன். பிரஷர் 130/80-க்குள்ள.

நீங்க கேக்காத ஒண்ணு: ரெண்டு இதழ் வால்வ் குடும்பத்துல ஓடும். நீங்களும் கூடப்பிறந்தவங்களும் ஒரு தடவை எக்கோ எடுத்துடுங்க, அப்பாவோட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கும் சொல்லுங்க.