பிரம்பும் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம்

வணக்கம் ஐயா,

தொண்டி பக்கம் ஒரு கடற்கரை ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குகிறான், எழுப்பினால் முறைக்கிறான். கத்திப் பார்த்தேன், வெளியே நிறுத்திப் பார்த்தேன். ‘அடியாத மாடு படியாது’ என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பாவம், விடியற்காலையில் கரைக்குப் போய் அப்பா வலையில் நண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவன், விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. அவன் அப்பாவை வரச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. வெளியே நிறுத்துவதை நாம் தண்டனைக் கணக்கிலேயே வைப்பதில்லை. ஆனால் வராந்தாவில் நிற்கிறவனை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்ததை அவன் மறக்க மாட்டான். பாடம் போனது தனி. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’ என்று பெற்றோரே சொன்னாலும் கையை ஓங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்தப் ‘பாவம்’தான். நம் கரையோரப் பள்ளிகளில் அடி கெடுத்ததைவிட இது அதிகம் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எப்படியும் கடலுக்குத்தானே போகப் போகிறான் என்று வீட்டுப்பாடம் கேட்காமல் விடுவோம். அவனும் நோட்டு கொண்டுவராமல் பழகிவிடுவான். கடற்பாசி எடுக்கப் போகிற அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு தாமதமாக வருகிற பெண் பிள்ளைகளையும் இப்படித்தான் கேள்வி கேட்காமல் கைவிடுகிறோம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அந்தச் சலுகை எதற்கும் உதவாது.

கண்டிப்பு என்று நான் சொல்வது, நீங்கள் தினமும் ஒரே மாதிரி இருப்பதை. மணி அடிக்கும்போது கரும்பலகையில் இரண்டு கணக்கு இருக்கட்டும். உள்ளே வருகிறவன் உட்கார்ந்து அதைப் போட வேண்டும். அந்த முதல் 5 நிமிடம் அடங்கினால் மீதி பீரியட் பெரும்பாலும் அடங்கும். திங்கட்கிழமை கேட்டதை வெள்ளிக்கிழமையும் கேளுங்கள். நன்றாகப் படிக்கிறவனுக்கும் ஊர்த்தலைவர் பேரனுக்கும் அதே விதிதான். பிள்ளைகள் உற்றுப் பார்ப்பது இதைத்தான். சத்தம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பெஞ்சுப் பக்கம் போய் நில்லுங்கள். அடங்கியதும் பாடத்தைத் தொடருங்கள்.

தூங்குகிறவனை எல்லோர் முன்னாலும் அதட்டி எழுப்பாதீர்கள். தோளைத் தொட்டு, முகம் கழுவி வரச் சொல்லுங்கள். அவன் முறைப்பது கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்பதற்காக. தனியாக இருந்தால் முறைக்க மாட்டான். மதியம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் விரல்களைப் பாருங்கள். நண்டு கிழித்த கீறலில் உப்புத்தண்ணீர் பட்டுப்பட்டுத் தோல் வெடித்திருக்கும், பேனாவை அழுத்தினால் எரியும். சரி, அதற்காக எழுத வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காலையில் வாயால் பதில் சொல்லட்டும், எழுத வேண்டியதைப் பள்ளி விடுவதற்குள் முடித்துக் காட்டட்டும். நீங்களும் மறக்காமல் வாங்கிப் பாருங்கள்.

அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். வந்தால் அவமானம் தாங்காமல் வாசலிலேயே பையனை அறைந்துவிடுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர் என்றால் அப்போதும் தொழிலுக்குப் போவார், பள்ளிக்கோ கோடை விடுமுறை வந்துவிடும். ஒரு நாள் சாயங்காலம் நீங்களே கரைக்குப் போங்கள். பையன் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். அப்புறம், பள்ளி நாளில் சீக்கிரம் தூங்க வையுங்கள், பரீட்சை வாரத்திலாவது கரைக்குக் கூப்பிடாதீர்கள் என்று கேளுங்கள். ‘சரி சார்’ என்பார். அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.