ஆத்தங்குடிக் கல் பாக்கி வழக்கு: பிராது நிராகரிக்கப்பட்டதால் பணம் போய்விடாது

ஓட்டலுக்கு இறக்கிய ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் பணம் வராமல் நீங்கள் போட்ட பிராது (வழக்கு மனு) நிராகரிக்கப்பட்டது, இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மறுபடியும் வழக்குப் போடலாம். உங்கள் 4.6 லட்ச ரூபாய் பாக்கியை நீதிமன்றம் இல்லையென்று சொல்லவில்லை. வந்த வழி சரியில்லை என்றுதான் பிராதை நிராகரித்திருக்கிறது.

காரணம் பெரும்பாலும் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவாகத்தான் இருக்கும். 2015இல் அந்தச் சட்டம் வந்தபோது ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள வணிக வழக்குகளுக்கே பொருந்தியது. 2018 திருத்தம் அதை 3 லட்சமாகக் குறைத்து, வழக்குக்கு முன் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற இந்த 12ஏ பிரிவையும் சேர்த்தது. அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காரைக்குடிப் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்கள் பலருக்கு இது இன்னும் தெரியாது என்பதே என் வருத்தம்.

உத்தரவு நகலில் '12ஏ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கான விண்ணப்பமாகிய படிவம் 1 கொடுங்கள்; கட்டணம் 1,000 ரூபாய். கல் இறக்கியபோது ஓட்டல்காரர் கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டு, மஞ்சள் தாளாக இருந்தாலும், அதன் நகலை இணையுங்கள். என் மைத்துனர் வழக்கில் கடைசிவரை நின்றது அந்த ஒரு சீட்டுதான். எதிர்த்தரப்பு வராவிட்டால் சமரசம் நடக்கவில்லை என்று படிவம் 3இல் அறிக்கை தருவார்கள். அதோடு புதிய பிராது தாக்கல் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. அவசரத் தடை கேட்டால் சமரசம் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மையான அவசரம் இருந்தால்தான் அது செல்லும். சமரசத்தில் கழியும் நாட்கள் வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பில் சேராது. ஆனால் நிராகரிப்புக்கு முன் கழிந்த மாதங்களை வழக்கறிஞரிடம் இன்றே கணக்குப் பார்த்துவிடுங்கள்.