கிளிப் போட்ட பிறகு வாயை மூடினால் பற்கள் சேரவில்லை, மெல்லவே முடியவில்லை. இது சரியாகிவிடுமா?

கிளிப் போட்டு நாலு நாள் ஆகிறது, இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லின் மேல் நீலமாக எதையோ வைத்திருக்கிறார்கள், அது மட்டும்தான் முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே நீலம்தான். முப்பது வயதுக்கு மேல் கிளிப் போட்டவன் நான். முதல் நாள் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, டாக்டர் எதையோ துடைக்க மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மறக்கவில்லை, வேண்டுமென்றே வைப்பதுதான். பைட் பிளாக் என்பார்கள். எனக்கு மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஏறக்குறைய முழுசாக மூடியிருந்தன. அந்த நிலையில் கீழ்ப்பல்லில் பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் துண்டு) ஒட்டினால், ஒவ்வொரு கடியிலும் மேல்பல் அதன் தலையில் இடிக்கும். ஒன்று பிராக்கெட் பெயர்ந்து வரும், இல்லை மேல்பல் தேயும். அதனால் கடைவாயில் சிமென்ட் மேடு வைத்து, வாய் முழுசாக மூடாமல் தடுக்கிறார்கள். சிலருக்கு இதையே மேல் முன்பல்லின் உள்பக்கத்தில் வைப்பதுண்டு. அப்போது பின்பற்கள் எதிலும் முட்டாமல் இருப்பதால் மெல்ல மெல்ல எழும்பி வரும், மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் அந்த ஆழமான கடியும் குறையும். நீல நிறம் அழகுக்கு இல்லை. பின்னால் ராவி எடுக்கும்போது பல் எது, சிமென்ட் எது என்று தெரியத்தான்.

சாப்பாடுதான் கஷ்டம். முதல் வாரம் குழைந்த தயிர் சாதம், ஊறிய இட்லி. தோசையைக் கையால் கிள்ளிப் போட்டாலும் கொழகொழவென்று உருளுமே தவிர அரையாது. பத்து நாளில் நாக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. ஆபீஸில் 'ச' வராமல் பேசியதும் அதற்குள் சரியானது.

நான் செய்த தப்பு வேறு. மூன்றாவது வாரம் இடது பக்க பிளாக் உடைந்து விழுந்தது. 'அப்பாடா, ஒரு பக்கமாவது மெல்லலாம்' என்று சந்தோஷப்பட்டு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை விட்டுவிட்டேன். வலது மட்டும் முட்ட, தாடை இடது பக்கம் சரிந்தது. காதுக்கு முன்னால் வலி. ஒரு நாள் சப்பாத்தியைக் கடித்தபோது கீழே இடது கோரைப்பல் பிராக்கெட் கழன்று, கம்பியில் மணி மாதிரி ஆடியது.

திரும்ப வைத்தபோதுதான் கவனித்தேன். டாக்டர் இரண்டு பக்கமும் மெல்லிய நீலத் தாளை வைத்து, "தட்டுங்க, தட்டுங்க" என்றார். கார்பன் தாள் மாதிரி, முட்டும் இடத்தில் மை ஒட்டும். வலதில் அடர்த்தியான புள்ளி, இடதில் லேசான நிழல். வலதைக் கொஞ்சம் ராவினார், மறுபடி தட்டச் சொன்னார். நாலாவது தடவை இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி வந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே தாடை இளகியது.

அதனால் உங்கள் விஷயத்தில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள், பழகிவிடும். ஒரு பக்கம் முந்தினாலோ, ஒரு பல் மட்டும் தொட்டாலே சுரீரென்றாலோ, பிளாக் விழுந்தாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் போடுங்கள். ராவுவது ஐந்து நிமிட வேலை, வலிக்காது. நகம் வெட்டியை எடுத்து நீங்களே சுரண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். ஆமாம், அதையும் யோசித்தவன்தான் நான்.