கற்றுக்கொள்ள யார் சம்பளம் தருவார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் துறையில் இருபதாண்டு அனுபவம் உள்ளவன். ஒரு குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். என் மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டும். செயற்கை நுண்ணறிவு கைவைக்காத படிப்பு எது என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. இன்னும் இருபதாண்டில் மனிதனுக்கு என்ன வேலை மிஞ்சும்? இயந்திரத்துக்குத் தன்னுணர்வு வந்து நம்மை ஆளுமா? அல்லது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ள, நாம் ஓய்வாக இருப்போமா? எங்கள் குழுவில் புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டோம். அவர்கள் செய்த வேலையை இயந்திரம் நிமிடங்களில் முடித்துவிடுகிறது, தலைவலி விட்டது. ஆனால் மகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

இரண்டு கேள்விகளை முதலிலேயே தள்ளிவைத்துவிடுகிறேன். இயந்திரம் நம்மை ஆளுமா என்பது இரவு இரண்டு மணிக்கு நண்பர்களோடு பேச நல்ல விஷயம். 1965இல் செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபதாண்டுக்குள் இயந்திரம் செய்துவிடும் என்று எழுதினார். 1985 வந்தது, போனது. ஓய்வு விஷயம் அதைவிடப் பழையது. நூறாண்டில் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று 1930இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் சொன்னார். கெடு 2030. உங்கள் குழுவில் எத்தனை பேர் 15 மணி நேரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒரு விஷயம். ‘தலைவலி விட்டது.’ அதை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மகளை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான்கைந்து ஆண்டு கழித்து உங்கள் மகள் வேலை கேட்டுப் போய் நிற்கப்போவது உங்களைப் போன்ற ஒருவர் முன்னால்தான். அவருக்கும் அப்போது தலைவலி விட்டிருக்கும். இதுகூடவா தெரியவில்லை?

கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் தானியங்கிமயமாதல் பற்றிச் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். சுலபமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது கஷ்டமான வேலை. அதைச் செய்வதற்கான பழக்கமோ அந்தச் சுலபமான வேலையிலிருந்துதான் அவனுக்கு வந்தது. இன்றைய இயந்திரங்களைக் கண்காணிப்பவர்கள் ஒரு காலத்தில் அதே வேலையைக் கையால் செய்தவர்கள், அவர்களுடைய திறமையின் மேல்தான் எல்லாம் ஓடுகிறது, அடுத்த தலைமுறையிடம் அந்தத் திறமையை எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னார். நாற்பதாண்டுக்கு முன்பு, ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் அலுவலகத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது.

2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹிண்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பின்னாளில் நோபல் வாங்கியவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. ரேடியாலஜிஸ்டுகளுக்கு இன்றைக்கும் பல நாடுகளில் தட்டுப்பாடு. கணிப்பு பொய்த்தது என்று சிரிக்க இதைச் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரிகள் அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் படித்துத் தேறி வர ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். விதைநெல்லைத் தின்றுவிட்டு மழைக்குக் காத்திருந்த கதையாகியிருக்கும்.

போலந்தில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோபி) செய்யும் மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவின் துணை பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்கள் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22ஆக இறங்கியிருந்தது. ஒரே ஆய்வு, அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனால் அவர்கள் எல்லோரும் பழுத்த அனுபவசாலிகள். கற்றதே இப்படித் தேயுமானால், கற்கவே இடம் கிடைக்காதவன் கதி என்ன?

இளமையில் நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தேன். அங்கிருந்த மூத்தவர் நான் முடித்த தாளை வாங்கி, அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். பிழை தப்பிய வரிக்கு நேராக ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. என்ன பிழை என்று சொல்ல மாட்டார். தாள் என் மேஜைக்குத் திரும்பி வரும். அந்த ஒரு வரியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பேன். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும். சில நாள் எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். முந்தைய அத்தியாயத்தில் செத்துப்போனவர் இங்கே கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்! அந்தப் புள்ளிகளை மனதாரச் சபித்திருக்கிறேன். இன்று ஒரு பிரதியைப் புரட்டும்போது காரணம் புரிவதற்கு முன்பே என் கண் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், நன்றி சொல்லவும் வழியில்லை. இன்று அதே தாளை இயந்திரத்திடம் கொடுத்தால் திருத்தியே கொடுத்துவிடும்.

பழம்பெருமை என்று ஒதுக்கிவிடாதீர்கள், நான் பேசுவது பணக்கணக்கு. அந்த நாட்களில் நான் செய்த வேலை வாங்கிய சம்பளத்துக்குப் பெறாது. இருந்தும் மாதாமாதம் கொடுத்தார்கள், ஏனென்றால் அந்தச் சலிப்பூட்டும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அந்தச் சாக்கில் நான் கற்றுக்கொண்டேன். இளம் வழக்கறிஞர் பழைய தீர்ப்புகளைத் தேடியதும், கணக்காளர் ரசீதுகளைச் சரிபார்த்ததும், உங்கள் குழுவின் புதியவன் யாரோ எழுதிய நிரலில் பிழை தேடியதும் இதே ஏற்பாடுதான். யாரும் திட்டமிடாமல், உதவித்தொகை என்று பெயரும் வைக்காமல், வீட்டில் பணமில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு உலகம் கொடுத்துவந்த உதவித்தொகை. அந்த வேலை போனால் சம்பளமும் போகும், ஆனால் கற்பதற்குத் தேவையான ஆண்டுகள் குறையப்போவதில்லை. ஐந்தாண்டு சம்பளமில்லாமல் உட்கார்ந்து பழக யாரால் முடியும்? அப்பா தாங்கிப் பிடிக்கும் பிள்ளையால் முடியும். இன்னும் முப்பதாண்டில் நிபுணத்துவம் என்பது வீடு, நிலம்போலப் பரம்பரைச் சொத்தாகிவிடுமோ என்பதுதான் என் பயம். தன்னுணர்வு வந்த இயந்திரம் என்னை இதில் பாதிகூடப் பயமுறுத்தவில்லை.

இயந்திரமே நல்ல ஆசிரியர் ஆயிற்றே என்பீர்கள். உண்மை. கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசிரியர் இதற்கு முன் யாருக்கும் வாய்த்ததில்லை. ஆனால் அது சம்பளம் தராது, பொறுப்பும் தராது. தவறு செய்தால் யாரோ ஒருவருக்குப் பாதிப்பு என்ற கூச்சம் வேலையில்தான் வரும்.

ஆகவே உங்களால் ஆகிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இந்த ஆண்டே இரண்டு புதியவர்களை எடுங்கள். இயந்திரம் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள், எங்கே பிழை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். மேலிடம் கணக்குக் கேட்கும். ஐந்தாண்டு கழித்து இந்தக் குழுவை யார் நடத்துவது என்று திருப்பிக் கேளுங்கள். இருபதாண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு இதைக்கூடக் கேட்க முடியாதா?

மகளின் படிப்புதான் நீங்கள் கேட்டது, இல்லையா? எது மிஞ்சும் என்று என்னைக் கேட்பதை விடுங்கள். மணிக்கணக்காக உட்கார்ந்தும் அவளுக்கு எது அலுக்கவில்லை? அதில் சேர்த்துவிடுங்கள். அது எதுவென்று எனக்கும் தெரியாது, ஏனென்றால் இவ்வளவு பதறி எழுதிய கடிதத்தில் அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.