லேசரால் சிறுநீர்க் கல் உடைப்பு: கேட்டவையும் என் பதில்களும்

பகோவிலிருந்து ஒருவர்: என் தந்தையாருக்குச் சிறுநீர்க்குழாயில் 1.2 சென்டிமீட்டர் கல். வயிற்றின் மேல் லேசர் பாய்ச்சுவார்களா, ஐயா? கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்காதா?

வயிற்றின் மேல் எதுவும் படாது. தாங்கள் நினைப்பது வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கும் முறை. லேசர் முறையில், மயக்கம் கொடுத்தபின் சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை ஏற்றி, அதனுள் இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிமனுள்ள இழையைக் கல் வரை கொண்டுபோகிறோம். திரையில் பச்சைப் புள்ளியொன்று கல்லைத் தொடும். மிதியை அழுத்தியதும் டக் டக்கென்ற ஒலியோடு புகைபோலத் தூள் கிளம்பும். ஓடும் நீர் அதைக் கழுவிவிடும். ஹோல்மியம் லேசரின் 2100 நானோமீட்டர் ஒளியை நீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால், இழைமுனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு அப்பால் அதன் வீரியம் செல்வதில்லை. கை தவறாதவரை குழாய்ச்சுவருக்குப் பயமில்லை. இது வெறும் ஒளிதான். வழி பார்க்கச் சிறிதளவு எக்ஸ்ரே மட்டும் பயன்படும்.

யாங்கோனிலிருந்து ஒரு சகோதரி: லேசருக்குப் பின் உள்ளே வைத்த குழாயால் அடிக்கடி சிறுநீர் வருகிறது, இடுப்பும் வலிக்கிறது. கல் மிச்சமிருக்கிறதா?

பெரும்பாலும் அது ஸ்டென்ட் எனும் அந்தக் குழாயின் தொல்லையே. மிச்சக் கல்லை ஸ்கேன்தான் சொல்லும். வீங்கிய சிறுநீர்க்குழாய் அடைபடாதிருக்க வைக்கும் ஸ்டென்ட், இரு முனையும் சுருண்டிருப்பதால் சிறுநீர்ப்பையை உறுத்தும். சிறுநீர் சற்றுச் சிவந்தும் போகும். காய்ச்சலோ கட்டி இரத்தமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். எனக்குக் கவலை வேறு. வலி தணிந்ததும் ஸ்டென்ட்டை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படிந்து, அதை உடைக்க மறுபடி லேசர் வேண்டியிருக்கும். எடுக்கவேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மோல்மேனிலிருந்து ஒரு பெரியவர்: எல்லாக் கல்லுக்கும் லேசர்தானா?

இல்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமே இறங்கிவிடும். சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் முதுகுப்புறத் துளை வழியே எடுப்பதே பொதுவாகச் சிறந்தது. யூரிக் அமிலக் கல்லை மருந்தாலேயே கரைக்கலாம். அடைப்போடு குளிர்காய்ச்சல் இருந்தால் முதலில் சிறுநீரை வடிக்கவேண்டும். கல்லைப் பிறகு பார்க்கலாம்.

அவரே: வாழைத்தண்டுச் சாறு போதாதா?

சாற்றிலுள்ள தண்ணீர் நல்லது; வளர்ந்த கல்லை அது கரைக்காது. நாள்தோறும் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துங்கள். ஙாப்பி எனும் பர்மிய மீன் விழுதின் உப்பையும் குறையுங்கள், பாலை நிறுத்தவேண்டாம்.