காசும் நகலும்: வாசகர் கேள்வி-பதில்

கே: எங்கள் பூஜையறையில் ராமர் பட்டாபிஷேகம் பொறித்த செம்புக் காசு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ‘யு.கே.எல். ஒன் அணா, ஈஸ்ட் இண்டியா கம்பெனி, 1818’ என்று போட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே? (கும்பகோணம் வாசகி)

ப: போகாது. கம்பெனியின் எந்த நாணயச் சாலையும் இப்படி ஒன்றை அடித்ததில்லை. இதை நகல் என்றுகூடச் சொல்ல முடியாது. அசல் என்று ஒன்று இருந்தால்தானே நகல்! சேகரிப்பாளர்கள் ‘ஃபேன்டஸி காயின்’ (கற்பனைக் காசு) என்று ஒதுக்கிவிடுவார்கள். 1616, 1717, 1839 என்று பல ஆண்டுகள் போட்டு, அனுமார், தாமரை என்று பல உருவங்களில் வருகிறது. ‘கம்பெனி சாமி படம் போட்ட காசு அடித்ததே’ என்று விற்பவர் மடக்குவார். அடித்தது உண்மைதான். சென்னையின் நட்சத்திர வராகனில் பெருமாள் இருக்கிறார். ஆனால் அது சுமார் 3.4 கிராம் எடையுள்ள குட்டித் தங்கக் காசு. அதில் ஆங்கில எழுத்தே கிடையாது.

பழசு என்றாலே விலை என்பதும் இல்லை. சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் அடித்த 1808-ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். அத்தனையும் அசல்; ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் விலை மலிவு. உங்கள் வில்லையைப் பூஜையறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அபூர்வ சக்தி உண்டு, அரிசியை இழுக்கும் என்று யாராவது காட்டினால், அரிசியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: தாத்தா பெட்டியில் 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் கிடைத்தது. அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (கரூர் வாசகர்)

ப: முதலில் எடை. இரண்டு தசமம் காட்டும் நகைத் தராசில் 11.66 கிராம் வர வேண்டும். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது.

அடுத்து நீர்ச் சோதனை. தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். 91.7 சதவீத வெள்ளி என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். அதே எடையில் வெள்ளி முலாம் பூசிய பித்தளை 1.3-ஐத் தாண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடி, நல்ல காசும் போலி போலத் தெரியும். முக்குவதற்கு முன் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழி தங்காது.

இவ்வளவும் தேறினாலும் 1939 விஷயத்தில் போதாது. அந்த ஆண்டு ரூபாய் அரிது என்பதால், அசல் 1938 காசின் 8-ஐச் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். வெள்ளி அதே வெள்ளி, எடையும் அதே எடை. பத்து மடங்கு லென்ஸில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி மட்டும் தளம் சுரண்டியோ மெருகேறியோ இருந்தால், அல்லது மற்ற மூன்று இலக்கங்களைவிட அது தாழ்ந்திருந்தால், அது கைவேலை. முக்கியமாக, புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பளபளப்பு பாதி விலையைத் தின்றுவிடும்.

கே: நகல் காசு எதற்குமே மதிப்பில்லையா? (மதுரை வாசகர்)

ப: செய்தவர் யார் என்று தெரிந்தால் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் படுவா நகரைச் சேர்ந்த ஜியோவான்னி கவினோ ரோமானிய நாணயங்களைப் பார்த்துச் செய்தவற்றுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. ஜெர்மனியின் பெக்கர் (1772–1830) பெரிய கைகாரர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளும் எண்ணெய்ப்பிசுக்கும் போட்ட பெட்டியில் வைத்து, வண்டியில் குலுக்கிப் பழசாக்குவாராம். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி, மின்சாரத்தால் அச்சில் உலோகத்தைப் படியவைத்துச் செய்த எலக்ட்ரோடைப் நகல்களின் விளிம்பில் ‘ஆர்.ஆர்.’ முத்திரை இருந்தால் வாங்க ஆள் உண்டு. ரோமானியப் பொற்காசுகளைப் பார்த்துப் பழங்காலத்திலேயே தென்னிந்தியாவில் செய்த நகல்களோ இன்று தொல்பொருள்! சுற்றுலாக் கடையில் வாங்கும் வார்ப்புக்கு மட்டும் உலோக விலைதான்.

கே: பழைய காசை வாங்க ரிசர்வ் வங்கி பெயரில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். (சேலம் வாசகி)

ப: கட்டாதீர்கள். பழைய காசு, நோட்டு வாங்கல் விற்றலில் தான் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.