தக்கலையில் வேலை, பிள்ளைகளுக்கு நாகர்கோவில் பள்ளியா?

பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறீர்கள்; யூகேஜி பையனையும் இரண்டாம் வகுப்பு மகளையும் எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். தக்கலை பக்கத்திலேயே சேருங்கள். முதலில் பள்ளி, அப்புறம் அதை ஒட்டி வாடகை வீடு. யூகேஜிக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நாகர்கோவில் வரை அனுப்ப வேண்டாம்.

நீங்கள் முடிவெடுக்க முடியாமல் திணறுவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துப் பள்ளிகளை ஒப்பிடுவதால்தான் என்று நினைக்கிறேன். ஐந்து வயதுப் பையனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் வேன் நேராகப் போகாது. ஊர் ஊராகச் சுற்றி ஏற்றும். என் மகள் ஒரு வருஷம் அப்படிப் போனாள். சாயங்காலம் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடியே தூங்கியிருப்பாள், தூக்கித்தான் இறக்க வேண்டும். அடுத்த வருஷமே மாற்றிவிட்டோம்.

இதைச் செய்து பாருங்கள்:

1. வேலை நாளில் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். கடைசி வேன் எப்போது கிளம்புகிறது, எத்தனை பிள்ளைகள் நெருக்கி உட்காருகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் ஜூன் மழையில் போங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

2. பயிற்றுமொழியைக் கேளுங்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு (இன்றைய கேரளப் பக்கம்) இருந்த பகுதி என்பதால் இங்கே மலையாள வழிப் பள்ளிகளும் உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெங்களூரில் மகள் தமிழ் எழுதிப் பழகவில்லை என்கிறீர்கள். இங்கே சிபிஎஸ்இ பள்ளியானாலும் தமிழ் கட்டாயப் பாடம். தொடக்கத்தில் அவளைத் தனியாகக் கவனிக்க ஆசிரியர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பக்கத்துப் பள்ளி என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.